இணைச்சீருக்கு ஒரு சைலன்சர்

அத்தியாயம் 14

பத்தொன்பது நாட்களாகச் சென்னியம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தாள். அவள் இப்படி யோசித்தால் என்ன ஆகும் என்று அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அவர்கள் இரண்டு பேரும் இன்று இல்லை. இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

போன வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

சென்னியம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. ஆறு வருஷத்துக்கு முன் தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து புருஷன் அப்புசாமி போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. மிஞ்சிய ஒரு லாரியை வைத்துக்கொண்டு நாமக்கல்லில் பல்லைக் கடித்துத் தொழில் நடத்தி அதை மூன்றாக்கினாள். போன தை மாதம் ஒரு சிவப்பு மாருதி கார் வாங்கினாள். அதைத் தானே ஓட்டவும் பழகிக்கொண்டாள். வெள்ளைச் சேலையும் சிவப்புக் காருமாக அவள் போனால் டீக்கடையில் பேச்சு நிற்கும்.

அவளுக்கு ஒரே தம்பி, பாலசுந்தரம். பத்து வயது இளையவன். தாய் தகப்பன் போன பிறகு அவனுக்குத் தலை துவட்டிவிட்டதிலிருந்து காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தது வரைக்கும் எல்லாம் அவள்தான். அந்தத் தம்பிக்குத்தான் கல்யாணம், பனமரத்துப்பட்டியில் பெண்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை தாலி கட்டப் புறப்படும் முன் அவனுடைய கூடப்பிறந்தவள் அவனோடு நிற்பாள். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். நாளைக்கு எவள் வந்தாலும் இன்றைக்கு இவள்தான் முதல் என்று ஊருக்குச் சொல்லும் சீர் அது. தம்பி பிறந்த அன்றிலிருந்தே அக்காள்காரி அதற்குக் காத்திருப்பாள்.

பத்தொன்பது நாட்களுக்கு முன்பு பெரியப்பன் சின்னண்ணன் லாரி ஆபீசுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், தோள் துண்டின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மிணி, தாலியறுத்தவ இணைச்சீருக்கு நிக்கறது மொறையில்ல. என்ற புள்ள சுப்பம்மா நிக்கட்டும். நீ கூட்டத்தோட கூட்டமா வந்து பாத்துக்க."

வாசலில் பாலசுந்தரம் நின்றான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பன் சொன்னதைக்கூடச் சென்னியம்மாள் மன்னித்திருப்பாள். கிழவர் காலத்துப் பேச்சு என்று விட்டிருப்பாள். தம்பி வாய் திறக்காமல் நின்றானே, அதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அதோடு விட்டார்களா? மூன்று நாட்களுக்கு முன் அவளுடைய லாரி டிரைவர் சடையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"தம்பியைப் பெட்ரோல் பங்குல பாத்தனுங்க அம்மிணி. மாப்பிள்ளை அழைப்புக்குக் காரை மட்டும் என்கிட்டக் குடுத்து அனுப்பச் சொன்னாருங்க."

"காரை மட்டும்னா?"

"நீங்க வரவேண்டாமாமுங்க. அலைச்சலாம்."

பெரியப்பன் சொல்லிக் கொடுத்ததைத் தம்பி கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவள் ஆகாது, அவளுடைய கார் ஆகும். வெள்ளைச் சேலை சகுனத் தடை, சிவப்புக் கார் சம்பந்தி வீட்டில் பெருமை. அன்றைக்குத்தான் பதினாறு நாளில் முதல் முறையாக அவள் சிரித்தாள். சடையன் பயந்துபோனான்.

"ஆகட்டும். கார் வருதுன்னு சொல்லிரு" என்றாள்.

இன்றைக்கு அந்த நாள்.

காலை எட்டு மணிக்கு நாமக்கல் திருச்சி ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே இருந்த அங்கமுத்துவின் பட்டறை முன்னால் சிவப்புக் கார் வந்து நின்றது. அங்கமுத்து சைலன்சர் கட்டுவதில் கெட்டிக்காரன். ஒரு காது மந்தம். வண்டி நல்ல வண்டியா என்பதைக் குழாய் வாயில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தே சொல்லிவிடுவான். அவன் கட்டிய ஒவ்வொரு குழாயிலும் 'அ.மு.' என்று அச்சு அடித்திருக்கும்.

"வண்டி புதுசுங்களே. கம்பெனி சைலன்சரே நல்லாத்தான இருக்குது? எதுக்குங்க மாத்தோணும்?"

"சத்தம் பத்தல."

"எத்தனை சத்தம் வேணுமுங்க?"

"நாதஸ்வரம் கேக்கக் கூடாது, தவில் கேக்கக் கூடாது. பந்தல்ல ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குக் கேக்கக் கூடாது."

அங்கமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். கல்யாணச் செய்தி அவன் காதுக்கும் வந்திருந்தது. மந்தமான காதுக்கும் சில செய்திகள் வந்துவிடும். உள்ளே போய் ஒரு குழாயை எடுத்து வந்தான்.

முதல் குழாய் நடுவில் பெட்டி மாதிரி புடைத்திருந்தது. "உள்ள மூணு தடுப்புத் தகடு வெச்சிருக்கறனுங்க. கம்பெனி சத்தத்தை விட ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். போலீஸ்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றான். கம்பி வைத்துக் கட்டி வண்டியைக் கிளப்பினான். கார் நாகரிகமாக உறுமியது.

"இது பக்கத்தூட்டுக்காரனையே எழுப்பாது. அடுத்ததை எடு."

இரண்டாவது குழாயை அவன் எடுத்து வந்த தினுசே வேறாக இருந்தது. பழைய துணியில் சுற்றி வைத்திருந்தான். பிரித்து, தோள் துண்டால் ஒரு தரம் துடைத்தான்.

"இது நேர்க்குழாயுங்க. உள்ள பூராவும் ஓட்டை போட்ட குழல், அதைச் சுத்தி இரும்பு நாரு. பொகை தடையில்லாமப் போகும். ஆனா குழாய் சிறுசுங்கறதால இழுவை கொறையாது. கோயமுத்தூர்ல பந்தயம் ஓட்டறவங்க இப்பிடித்தானுங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. ஓட்டிப் பாருங்க."

மோகனூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். கார் அவள் கால் நினைப்பதற்கு முன்னால் பாய்ந்தது. சத்தமும் கனமாக, சுத்தமாக இருந்தது. ஒரு கரும்பு வண்டியைத் தாண்டி, ஒரு பஸ்ஸையும் தாண்டினாள். காற்றில் முந்தானை படபடத்தது. அரை மைல் தூரம் அவளுக்குத் தம்பி நினைவும் இல்லை, பெரியப்பன் நினைவும் இல்லை. தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். குறுக்கே மாடுகள் வந்து வண்டி நின்றதும் எல்லாம் மறுபடியும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எப்பிடியுங்க?" என்று வாசலிலேயே காத்திருந்தான் அங்கமுத்து. "உங்க காருக்குன்னே பொறந்த சைலன்சருங்க. இதையே போட்டுருங்கம்மா."

சரி என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு ஒன்று கேட்டாள். "இதைச் சடையன் ஓட்டுனா எப்பிடிப் போகும்?"

"பச்சப் புள்ள ஓட்டுனாலும் போகுமுங்க."

அந்தப் பதில்தான் அந்த நல்ல குழாயின் தலையெழுத்தை முடித்தது. சென்னியம்மாளின் கண் பட்டறை மூலைக்குப் போனது. அங்கே பழைய இரும்போடு இரும்பாக முழங்கை தடிமனில் ஒரு குழாய் கிடந்தது.

"அது என்ன?"

அங்கமுத்து சிரித்துவிட்டான். "அது லாரிக் குழாயுங்க. இந்தச் சின்ன இஞ்சினுக்கு அதை மாட்டுனா, கோழிக்குஞ்சு கழுத்துல கோயில் மணியைக் கட்டுன மாதிரி."

"சத்தம்?"

"சத்தம் சேலத்துக்குக் கேக்குமுங்க. ஆனா அம்மா, பொகை வெளிய போறதுக்கு ஒரு தெம்பு வேணும். குழாய் அகலமாப் போச்சுன்னா அந்தத் தெம்பு போயிரும். கார்பரேட்டரும் அதுக்குத் தக்கன பெட்ரோல் உடாது. மெதுவா நகத்துனா இழுக்காது, உக்காந்துக்கும்."

"சடையன் ஓட்டுனா?"

"லாரிக்காரங்க கால் உங்களுக்குத் தெரியாதுங்களா? மெதுவா நகத்தித்தான் பழக்கம். கிளச்சை உட்ட ஒடனே நின்னு போயிரும்."

சென்னியம்மாள் அங்கிருந்த எண்ணெய் டப்பா மேல் உட்கார்ந்தாள். ஏதோ பெண் பார்க்க வந்தவள் மாதிரி அந்தக் குழாயை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டிராக்டர் ஓட்டறவன் ஓட்டுனா?"

"அவன் சடையனுக்கு மேல. நாப்பது தரம் நிக்கும்."

"நான் ஓட்டுனா?"

"நீங்க இந்தக் கார்லயே பழகுனவங்க. ஆக்சிலேட்டரை மிதிச்சுப் புடிச்சுக்கிட்டு, கிளச்சைச் சித்தெ சித்தெயா உட்டீங்கன்னா போகும். ஆனா காலை எடுக்கக் கூடாது. காலை எடுத்தீங்க, நின்னுரும்."

"அதையே வெல்டு பண்ணு."

"அம்மா, நல்ல வண்டியைக் கெடுக்கறீங்க."

"வண்டியை நாளைக்குச் சரி பண்ணிக்கலாம் அங்கமுத்து. கெட்டுப்போனது வேற ஒண்ணு, அதுக்கு வெல்டிங் கெடையாது."

வெட்டினான், வளைத்தான், பற்றவைத்தான். முடிந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். அச்சு இல்லை.

"உன்ற பேரைக் காணமே?"

"இதுல என்ற பேரு வேண்டாமுங்க. மனசு மாறுனா வாங்க, அரை மணி நேரத்துல அந்த ரெண்டாவதை மாட்டித் தாரேன்" என்று துணியில் சுற்றிய குழாயை மறுபடியும் பரண் மேல் வைத்தான்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போவதற்குள் அவள் கையிலேயே கார் ஐந்து தரம் நின்றது. ஒவ்வொரு தரமும் ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். ஆறாவது தரம் நிற்கவில்லை. வழியெல்லாம் ஆட்டுமந்தைகள் சிதறி ஓடின. ஒரு பாட்டையா சைக்கிளோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். கல்யாணப் பந்தல் போட்டிருந்த தோட்டத்துக்கு வரும் ஏற்றத்துக்கு முன்பே சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தாள். அங்கே காத்திருந்த சடையனையும் கூலிக்காரர்கள் இரண்டு பேரையும் விட்டுத் தள்ளச் சொல்லிக் காரைச் சத்தமில்லாமல் பந்தலுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினாள். சத்தத்தை அவள் சேர்த்து வைத்திருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, வண்டியில ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றான் சடையன்.

"ஒண்ணுமில்ல. கல்யாண வண்டி, பொகை படிய வேண்டாம்னுதான்."

மணி மூன்றரை. பந்தலுக்குள் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது.

போகக் கூடாது என்று நினைத்தாள், போனாள். பந்தல் ஓரத்தில் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மாலையும் தலைப்பாகையுமாகப் பாலசுந்தரம் நின்றான். பெரியப்பன் மகள் சுப்பம்மாள் தலையில் பேழைக் கூடையும் கையில் கூறைச்சேலை முனையுமாக நின்றாள். பாவம், அவளுக்கும் பயம். சேலை நுனி நழுவி ஒரு தரம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள்.

அந்த நுனியைப் பிடிப்பதற்காகத்தான் சென்னியம்மாளின் கை இத்தனை வருஷமாகக் காத்திருந்தது. கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழலாம் போல இருந்தது. அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். பாலசுந்தரம் ஒரே ஒரு தரம் நிமிர்ந்து தட்டுப்போர்ப் பக்கம் பார்த்தான். உடனே தலையைத் திருப்பிக்கொண்டான்.

சீர் முடிந்தது. "நேரமாச்சு, நேரமாச்சு! பொழுது உழுகறதுக்குள்ள பொண்ணு ஊட்டு எல்லையில நிக்கோணும்!" என்று பெரியப்பன் குரல் கொடுத்தார். ஒறம்பரைச் சனம் எல்லாம் லாரியிலும் வேனிலும் ஏறியது. மாப்பிள்ளையும் இணைச்சீர்க்காரியும் காரின் பின்சீட்டில் ஏறினார்கள். பெரியப்பன் முன்னால் ஏறினார். சடையன் சாவியைத் திருப்பினான்.

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்!

பந்தலில் கட்டியிருந்த வாழைமரம் ஆடியது என்றால் மிகை. ஆனால் தவில்காரன் அடிப்பதை நிறுத்தியது நிஜம். கட்டுத்தறியில் இருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு கொல்லிமலையைப் பார்த்து ஓடியதும் நிஜம். சுப்பம்மாள் பேழையை மடியில் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சடையன் லாரிக்காரர்களுக்கே உரிய பொறுமையோடு கிளச்சை விட்டான். கார் ஒரு தரம் குலுங்கி நின்றது.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை ஏறிய வண்டி நிற்கலாமா?

மறுபடியும் சத்தம், மறுபடியும் குலுக்கல், மறுபடியும் நின்றது. மூன்றாவது தரம் வண்டி இரண்டடி நகர்ந்து நின்றது. கூட்டத்தில் ஒருத்தி "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தள்ளு நீ" என்று டிராக்டர் ஓட்டும் தங்கசாமி வந்து உட்கார்ந்தான். அவன் கையில் நான்கு தரம் நின்றது. லாரியில் இருந்த இன்னொரு டிரைவர் வந்தான். இரண்டு தரம் நின்றது. ஆக மொத்தம் ஒன்பது சகுனத் தடை. ஒரு கல்யாணத்துக்கு இது தாராளம்.

"லாரியிலயே மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போலாமுங்களே" என்றான் ஒருவன்.

"கார் வருதுன்னு சம்பந்தி ஊட்டுல சொல்லியாச்சுடா! நெல்லு மூட்டை மாதிரியா மாப்பிள்ளையைக் கொண்டுபோய் எறக்கறது?" என்று கத்தினார் பெரியப்பன்.

சடையன் காருக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து தட்டுப்போர்ப் பக்கம் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டு, "இது நம்ம யாரு காலுக்கும் கட்டுப்படாதுங்க. அம்மிணி கையிலதான் ஓடும்" என்றான்.

சின்னண்ணன் தட்டுப்போருக்கு நடந்து வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர். கூட்டமே பார்க்க, ஒதுக்கி நிறுத்தியவளின் முன்னால் வந்து நின்றார். இந்த நடைக்காகத்தான் அவள் பத்தொன்பது நாள் பட்டினி கிடந்தாள். ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்தாள்.

"அம்மிணி, நேரம் போகுது. நீ வந்து ஓட்டு சாமி."

"மொறையில்லீங்களே பெரியப்பா. தாலியறுத்தவ மாப்பிள்ளைக்கு முன்னால உக்காரலாமுங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கோவத்தை என்ற மேல வெச்சுக்க. எத்தனை வேணும்னாலும் வெச்சுக்க. பையன் மேல காட்டாத."

"அவன் வந்து கேக்கட்டும்."

"மாலை போட்டு வண்டியேறுனவன் எறங்கக் கூடாது கண்ணு."

"எறங்கித்தான் வரோணும்."

பாலசுந்தரம் இறங்கி வந்தான். மாலையிலிருந்து பூ உதிர்ந்துகொண்டே வந்தது. அவள் எதிரில் நின்றான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். பெரியப்பன் அவன் முழங்கையைப் பிடித்தார்.

"வாக்கா. வந்து ஓட்டு" என்றான். அவ்வளவுதான்.

அது போதும் என்றுதான் நினைத்தாள். கூட்டம் விலகி வழிவிட, வெள்ளைச் சேலையோடு போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தாள். கார் கதறியது. கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கார் நகர்ந்தது. எந்தக் கால் சீருக்கு நிற்கக் கூடாது என்றார்களோ, அந்தக் கால் மிதித்தால்தான் மாப்பிள்ளை போக முடியும். பழிவாங்குவது பாவம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு இனிப்பு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சேந்தமங்கலம் கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளைக் கார் வருகிறது என்று பார்த்தவர்கள், அதை ஓட்டுவது யார் என்று பார்த்து, பார்த்தபடியே நின்றார்கள். இராசிபுரத்தில் கோயில் வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லோரும் பாருங்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள் சென்னியம்மாள்.

இராசிபுரம் தாண்டியதும் ரோட்டில் ஆள் இல்லை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அந்த இனிப்பு கொஞ்சம் குறைந்தது.

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் பாலசுந்தரத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்துத்தான் பேசினான். முன்னால் குனிந்து, கழுத்து நரம்பு புடைக்க என்னவோ சொன்னான். கண்ணில் தண்ணீர் ஓடியது.

ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பத்தொன்பது நாளாக அவன் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று கிடந்தாள். இப்போது பேசுகிறான். அந்த லாரிக் குழாய் அவன் வார்த்தையை எல்லாம் வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் குறையவேண்டும் என்றால் காலை எடுக்கவேண்டும். காலை எடுத்தால் வண்டி நிற்கும். மாப்பிள்ளை வண்டி, பத்தாவது தடை. நின்றால் திரும்பக் கிளப்பிக்கொள்ளலாம்தான். ஆனால் அவனுடைய கல்யாணத்துக்குத் தன் காலால் ஒரு தடை வைக்க அவளுக்கே மனம் வரவில்லை. ஊர்க்காரன் காலில் நின்றது வேறு, தன் காலில் நிற்பது வேறு. என்ன இருந்தாலும் அவள் வளர்த்த பிள்ளை.

மன்னிப்புத்தானே கேட்கிறான், அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று மிதித்தாள்.

பெரியப்பன் அப்போது ஒரு காரியம் செய்தார். முன்சீட்டிலிருந்து திரும்பி, தம்பியைப் பார்த்துக் கையை வீசினார். உதட்டில் விரலை வைத்தார். பேசாதே, வாயை மூடு. அவர் முகத்தில் அதிகாரம் இல்லை, பயம் இருந்தது.

மன்னிப்புக் கேட்கிறவனை எதற்கு இவர் தடுக்கவேண்டும்?

சென்னியம்மாள் காலை எடுத்தாள்.

கார் இரண்டு தரம் விக்கி, ஒரு புளியமரத்தடியில் நின்றது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. தூரத்தில் லாரியும் வேனும் வருகிற சத்தம் லேசாகக் கேட்டது.

"இப்பச் சொல்லு" என்றாள், திரும்பாமலே.

"டேய் வேண்டாம்" என்றார் பெரியப்பன்.

"சொல்லிப்போடறேன் பெரியப்பா. நீங்க அவகிட்ட வந்து நின்னதைப் பாத்த பொறவு என்னால முடியல." பாலசுந்தரம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "அக்கா, உன்னய வேண்டாம்னு சொன்னது இவரில்ல. நாந்தான். இவரு, அவளை உட்டுப்போட்டு எவளைடா நிறுத்தறதுன்னு என்கிட்டச் சண்டைக்கே வந்தாரு. நாந்தான் கால்ல உழுந்து, உன்கிட்ட வந்து அப்பிடிச் சொல்ல வெச்சேன்."

சுப்பம்மாள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனையே பார்த்தாள். பெரியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

சென்னியம்மாள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். காலையிலிருந்து அவள் தேர்ந்தெடுத்தது, ஓட்டியது, அதிரவைத்தது எல்லாம் ஒரு கிழவரை நடக்க வைப்பதற்காக. அந்தக் கிழவர்தான் அவளுக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அடிக்கவேண்டியவன் பின்சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கல்யாணத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பின்னால் வேன் வந்து ஹாரன் அடித்தது. மேற்கே பொழுது பனைமர உயரத்துக்கு இறங்கியிருந்தது.

சாவியை உருவினாள். அதை முந்தானை நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். கதவைத் திறந்து இறங்கிப் போய், ரோட்டோரத்து மைல்கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏன்னு சொல்லு சாமி" என்றாள். "பொழுது இருக்கறதுக்குள்ள சொல்லு. சொல்லாம இந்த வண்டி நகராது."